வெளிறினது செத்ததில்லை

செல்வம் அண்ணையின் மகள் எனக்குப் போன் எடுத்தபோது, நான் சாட்டிக் கடற்கரையில் அவருடைய சுழியோடும் கண்ணாடியைக் கழுவிக்கொண்டிருந்தேன். "அப்பா நித்திரையிலையே போயிட்டார், மாமி" என்றாள். வாழ்நாள் முழுக்கச் சங்கு குளித்த மனிசனைக் கடல் ஒன்றும் செய்யவில்லை. கரைதான் கொன்றது. நான் அப்படித்தான் சொல்லுவேன்.

சங்குத் தொழிலை விட்டபின், முருகைக்கல், அதுதான் பவளப்பாறை, எப்படி இருக்கிறதென்று பார்க்கும் குழுவில் சம்பளமில்லாமல் சேர்ந்தார். அவர் சுழியோடிப் பார்த்து வந்து சொல்லுவார். ஐந்தாம் வகுப்புப் படித்த நான் வள்ளத்தில் இருந்து எழுதுவேன்.

குழு தந்த தாளில் இரண்டு கட்டம்தான்: உயிருள்ளது, செத்தது. கடல்தண்ணீர் சூடேறிய அந்தக் கோடையில் கல்லெல்லாம் வெளுத்துக் கிடந்தது. நான் 'செத்தது' என்ற கட்டத்தில் எழுதினேன். வள்ளத்து விளிம்பைப் பிடித்தபடியே கத்தினார்: "ஆர் உமக்குச் செத்தது எண்டு சொன்னது? வெளிறித்தான் கிடக்கு. தண்ணி ஆறினா நிறம் திரும்பும். காய்ச்சல்காரனைக் கொண்டுபோய்ச் சுடலையிலை வைப்பீரே?"

எழுதினதை வெட்டிவிட்டு மூன்றாவது கட்டம் கீறினேன்: வெள்ளை, உயிர் இருக்கு.

தாளைக் கணினியில் அடித்தவர்கள் என் கட்டத்தைத் தூக்கிவிட்டு, எல்லாவற்றையும் செத்ததோடு சேர்த்தார்கள். செத்த கல்தானே என்று, பெரிய படகுகள் கரைக்கு வர அதை உடைத்து வழி வெட்ட முடிவாயிற்று.

அதைப்பற்றி வேலணையில் கூட்டம் வைத்தார்கள். அண்ணை எழும்பி, "அது சாகேல்லை ஐயா. நான் கிட்டப் போய்ப் பாத்தனான்" என்றார்.

முன் கதிரையில் இருந்தவர், "நீங்கள் எத்தினையாம் வகுப்பு மட்டும் படிச்சனீங்கள்?" என்று கேட்டார். சபை சிரித்தது. நான் எழுதிய தாளின் பிரதி என் பையில் இருந்தது. நான் எழும்பவில்லை.

திரும்பும் பஸ்ஸில் அவர்தான் சொன்னார்: "நீர் எழும்பியிருந்தா உம்மையும் அதைத்தான் கேட்டிருப்பினம். விடும்."

வழி வெட்டி முடிந்தபின் ஒருநாள் இறங்கினார். ஏறி வந்து கண்ணாடியைக் கழற்றி என் மடியில் வைத்தார். பிறகு, "இப்ப எழுதும் பிள்ளை. செத்தது" என்றார். அதற்குப் பிறகு அவர் கடலில் இறங்கவில்லை. அந்தக் கண்ணாடியை நான்தான் சும்மா கழுவிக் கழுவி வைத்தேன்.

ஊரவர்களே, இன்றைக்குச் சந்திக்குச் சந்தி 'கடல் காத்த பெருமகன்' என்று பதாகை கட்டியிருக்கிறீர்கள். அன்றைக்குச் சிரித்தவர்களின் பெயரும் அதன் கீழே கிடக்கிறது. உங்களில் ஒருவரும் அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்கு மட்டும் அந்த மன்னிப்பைக் கேளாமலே தந்துவிட்டுப் போனார். கண்ணாடியை விட்டால், அவருடையதென்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். வேண்டாமென்று திருப்பிக் கொடுக்க ஆள் இல்லை.