ஃப்ரண்ட் டெஸ்க் வாங்கிய ஆறு சான்றிதழ்கள்

எங்கள் ஆபீஸில் எம்.பி.ஏ. படித்தவர்கள் நாலு பேர். அதில் நானும் ஒருத்தி. போன மார்ச் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, காலை பதினொரு மணிக்குள் நாங்கள் நாலு பேரும் வரிசையாக ஃபெயில் ஆனோம். அன்றைக்குக் கம்பெனியின் மானத்தைக் காப்பாற்றியவள் வாசல் மேஜையில் ஃபோன் எடுக்கும் அன்னம்மாள். எங்கள் எல்லாருக்கும் அவள் அன்னம்மாக்கா. இது அவளுடைய கதை. என் பெயர் நிருபமா. இதில் என் பங்கு பெரும்பாலும் வாயைப் பிளந்துகொண்டு நின்றதுதான்.

அக்காவுக்கு நாற்பத்தாறு வயது. மர்பி டவுனில் பிறந்து, மூன்றாவது தெருவிலிருந்து ஐந்தாவது தெருவுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள். கணவர் உத்தமன் பஸ் டிப்போவில் மெக்கானிக். மகள் சிந்து பி.காம். படிக்கிறாள். பத்தொன்பது வயதில் அல்சூரில் ஒரு எஸ்.டி.டி. பூத்தில் வேலைக்கு உட்கார்ந்தாள் அக்கா. பிறகு ஒரு லாட்ஜ், பிறகு ஒரு பல் ஆஸ்பத்திரி, இப்போது பதினோரு வருஷமாகத் தொம்மலூரில் எங்கள் விளம்பரக் கம்பெனி. முதலாளிகள் மாறினார்கள், காதில் இருந்த ரிசீவர் மாறவில்லை. தமிழில் ஆரம்பித்து, கன்னடத்தில் நலம் விசாரித்து, உருதுவில் சமாதானம் சொல்லி, இங்கிலீஷில் "ப்ளீஸ் ஹோல்ட்" என்று முடிப்பாள். பி.யூ.சி. இரண்டாம் வருஷத்தை, அதாவது ப்ளஸ் டூவை, இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் தோற்றவள். பரீட்சை என்று யாராவது சொன்னாலே இன்னமும் பேச்சை மாற்றிவிடுவாள்.

எங்கள் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை. நீங்கள் ஃபோனில் "பல் வலி" என்று தேடினால், பதிலுக்கும் மேலே வந்து நிற்கிறதே ஒரு ஆஸ்பத்திரி விளம்பரம், அதை அங்கே வைப்பது எங்களைப் போன்றவர்கள். அந்தத் தேடலை நடத்தும் பெரிய கம்பெனி, எங்களுக்கு ஒரு பேட்ஜ் கொடுத்திருந்தது. அதைப் பார்த்துத்தான் வாடிக்கையாளர்கள் எங்களை நம்புகிறார்கள். பேட்ஜ் நிலைக்க வேண்டுமென்றால் ஆபீஸில் உள்ளவர்கள் வருஷா வருஷம் ஆன்லைனில் பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்க வேண்டும். தேடல், படம், வீடியோ, கடை, ஆப், அளவீடு என்று ஆறு பிரிவுகள். ஒவ்வொன்றிலும் ஐம்பது கேள்வி, எழுபத்தைந்து நிமிஷம், எண்பது சதவீதம் எடுத்தால் பாஸ். தோற்றால் ஒரு நாள் முழுக்க எந்தப் பரீட்சைக்கும் கதவு திறக்காது.

ஜனவரியில் எங்கள் முதலாளி சுதீர் ஒரு மெயில் அனுப்பினார். எல்லாரும் ஒரு சான்றிதழாவது வாங்கியே ஆகவேண்டும் என்று. நாங்கள் வழக்கம்போல் படித்துவிட்டு மூடிவிட்டோம். வாசல் மேஜைக்கும் அந்த மெயில் போயிருந்தது. ஒரு வாரம் கழித்து அக்கா என்னிடம் வந்து, தொண்ணூற்றிரண்டு சதவீதம் என்று காட்டும் திரையைக் காட்டினாள்.

"நீ எதுக்குக்கா எழுதின?"

"எல்லாரும்னு போட்டிருந்தாரே நிரு. நான் எல்லாரும் இல்லியா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கொஞ்சம் எரிச்சலும் வந்தது; நான் அந்தப் பரீட்சையில் முந்தின வருஷம் எண்பதைத் தொட்டுக்கொண்டு தப்பித்தவள். எப்படி முடிந்தது என்று துருவித் துருவிக் கேட்டேன். அக்கா மேஜை டிராயரைத் திறந்து நாலு நோட்டுப் புத்தகங்களை எடுத்துப் போட்டாள்.

விஷயம் இதுதான். சின்ன வாடிக்கையாளர்கள் பலருடைய விளம்பரத்தில் எங்கள் ஆபீஸ் நம்பரையே போடுவோம். வரும் அழைப்புகளை எண்ணிச் சொல்வதற்காக. நாங்கள் எண்ணிக்கையோடு நிறுத்திக்கொண்டோம். அக்கா மட்டும் யார், எங்கிருந்து, என்ன கேட்டார்கள் என்று ஒவ்வொன்றையும் எழுதி வைத்திருந்தாள். நீச்சல் வகுப்பு விளம்பரத்தைப் பார்த்து நீச்சல் குளம் கட்டித் தருவீர்களா என்று கேட்டவர்கள் முப்பத்தோரு பேர். லேடீஸ் பி.ஜி. என்கிற பெண்கள் விடுதியின் விளம்பரத்தைப் பார்த்து சமையல் வேலை கேட்டவர்கள் பதினாறு பேர். எந்தெந்த வார்த்தையைத் தேடுபவருக்கு விளம்பரத்தைக் காட்டக்கூடாது என்று பட்டியல் போடுவது எங்கள் தொழிலில் பாதி வேலை. அந்தப் பட்டியல் பதினோரு வருஷமாக வாசல் டிராயரில் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறது, நாங்கள் உள்ளே ஏ.சி.யில் உட்கார்ந்து ஊகித்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

"ஃபோன் எடுக்கறது போதும் நிரு," என்றாள் அக்கா. "உங்க டீம்ல உக்காந்து விளம்பரம் போடணும். அது ஒண்ணுதான் எனக்கு ஆசை."

இதை அவள் சுதீரிடமே போய்ச் சொன்னாள். சுதீர் நல்ல மனிதர்தான், ஆனால் யாரிடமும் முடியாது என்று சொல்ல வராது. அதனால் ஊரில் உள்ள எல்லாரிடமும் முடியும் என்று சொல்லி வைத்திருப்பார். "ஆறையும் முடிங்கக்கா, டீம்ல போட்டுடறேன்" என்று சிரித்தார். முடிக்க மாட்டாள் என்ற தைரியம்.

அக்கா முடித்தாள். ஃபோன் அடிக்காத நேரமெல்லாம் படித்தாள். அளவீட்டில் மட்டும் ஒரு முறை தோற்று, மறுநாளே எழுதித் தேறினாள். மார்ச் முதல் வாரத்தில் ஆறையும் பிரிண்ட் எடுத்து, பிளாஸ்டிக் ஃபோல்டரில் போட்டு, சுதீர் முன்னால் வைத்தாள். சுதீர் முதல் தாளைப் பார்த்தார். இரண்டாவதைப் பார்த்தார். பிறகு ஒரு பெரிய நிம்மதியோடு நாற்காலியில் சாய்ந்தார்.

ஆறு சான்றிதழிலும் பெயர் இருக்கும் இடத்தில் "ஃப்ரண்ட் டெஸ்க்" என்று இருந்தது.

பதினோரு வருஷத்தில் அக்காவுக்கென்று கம்பெனியில் ஒரு மெயில் ஐடி யாரும் போட்டுக் கொடுக்கவில்லை. வாசல் மேஜையில் யார் உட்கார்ந்தாலும் ஒரே ஐடி. அதிலிருந்து எழுதினால் பரீட்சை மேஜையின் பெயரில்தானே பதிவாகும்? உலகத்திலேயே ஆறு சான்றிதழ் வாங்கிய மரச்சாமான் எங்கள் ஆபீஸில்தான் இருந்திருக்கும்.

"டெக்னிக்கலா இது உங்க பேர்ல இல்லியேக்கா. அடுத்த வருஷம் பாக்கலாம்," என்றார் சுதீர். உண்மைக் காரணம் எல்லாருக்கும் தெரியும். அக்கா எழுந்து உள்ளே வந்தால் ஃபோனை யார் எடுப்பது? எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அக்கா ஃபோல்டரைப் பையில் வைத்துக்கொண்டாள். ஆனால் அன்றைக்கு வந்த எல்லா அழைப்புக்கும் "ப்ளீஸ் ஹோல்ட்" ஒரே சுருதியில் வந்தது. அது எனக்குப் பொறுக்கவில்லை.

பிறகு அந்த வெள்ளிக்கிழமை வந்தது. காலை ஒன்பதரைக்குத் தேடல் கம்பெனியிலிருந்து ஒரு மெயில். பொதுவான ஐடிகளில் வாங்கிய சான்றிதழ்கள் இனிக் கணக்கில் வராது, மனிதர்களின் பெயரில் குறைந்தது ஐந்து இருக்க வேண்டும், மாலை ஆறு மணிக்குள் இல்லையென்றால் பேட்ஜ் போய்விடும். எங்கள் பழைய சான்றிதழ்கள் எல்லாம் காலாவதி. இத்தனை நாளும் மேஜைதான் எங்களைத் தாங்கிக்கொண்டிருந்தது.

சுதீர் மற்ற மூன்று எம்.பி.ஏ.க்களையும் கூப்பிட்டார். ஒன்பது வருஷ அனுபவம், இதென்ன பிரமாதம் என்று உட்கார்ந்தோம். நான் எழுபத்து நாலு. ரோஹன் எழுபத்தெட்டு. இன்னொருத்தன் அறுபது. நாலாவது எம்.பி.ஏ. சுதீர்தான்; அவரும் ஆவேசமாக உட்கார்ந்தார், ஐம்பத்திரண்டு. நாலு திரையிலும் "நாளை முயலவும்" என்று வந்து நின்றது. துக்க வீடு மாதிரி இருக்க வேண்டிய இடம். யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்துவிட, அதன் பிறகு யாராலும் நிறுத்த முடியவில்லை. சுதீர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம்.

அக்கா ஒரு கூரியர்காரரிடம் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"எழுதறேன் சார்," என்றாள், விஷயத்தைக் கேட்டதும். "ஆனா என் பேர்ல எழுதுவேன். ஃபோன் பக்கத்துல உக்காந்து எழுத முடியாது, ஒரே பேஜாரு. உள்ள ஒரு மேஜை வேணும். ஆறும் முடிச்சா டீம்னு சொன்னீங்க, அத மறுபடி எல்லார் முன்னாடியும் சொல்லுங்க."

சுதீர் சொன்னார். பதினோரு வருஷமாகப் போடமுடியாத மெயில் ஐடியை ரோஹன் நாலு நிமிஷத்தில் போட்டுக் கொடுத்தான். அமைதியான இடம் ஆபீஸில் ஒன்றே ஒன்று, சுதீரின் கண்ணாடி அறை. அக்கா அதில் போய் உட்கார்ந்தாள். வாசல் மேஜை காலி. எங்கள் நாலு பேரில் சுதீருக்குத்தான் அன்றைக்கு வேறு வேலையே இல்லை.

முதல் பரீட்சை முப்பத்தெட்டு நிமிஷம், தொண்ணூற்று நாலு. நாங்கள் கை தட்டினோம். வாசலில் சுதீர் ஒரு டாக்டரின் அழைப்பைத் தன் மொபைலுக்கே மாற்றிவிட்டு, ஒரு காதில் ரிசீவரும் மறு காதில் மொபைலுமாகத் தன்னோடு தானே ஹலோ சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டாவது, தொண்ணூறு. பி.ஜி.யில் சமையல் வேலை கேட்ட ஒரு அம்மாளிடம் சுதீர் பத்து நிமிஷம் பேசி, கடைசியில் அவருக்கு என்னென்ன சமைக்க வரும் என்று எழுதிக்கொண்டார். கண்ணாடிக்குள்ளிருந்து அக்கா தலையில் அடித்துக்கொண்டு, "லைன் பி.ஜி.க்குப் போக எட்ட அழுத்துங்க சார், எட்ட!" என்று சைகை காட்டினாள். மூன்றாவது, எண்பத்தாறு.

இடையில் எலுமிச்சைச் சாதத்தை நாலு வாயில் முடித்தாள். நாங்கள் ஏன் தோற்றோம் என்று நான் கேட்டதற்கு, வாயில் சாதத்தோடு சொன்னாள்: "நீங்க எல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சத எழுதறீங்க நிரு. நீங்க என்ன பண்ணுவீங்கன்னு அவங்க கேக்கல. நீங்க என்ன பண்ணணும்னு அவங்க ஆசப்படறாங்களோ, அதத்தான் கேக்கறாங்க. எல்லாத்தயும் எங்க மிஷின் பாத்துக்கும்னு ஒரு பதில் இருக்கும் பாரு, கண்ண மூடிக்கிட்டு சும்னே அதப் போடு."

நான் இரண்டு வருஷம் பணம் கட்டிப் படித்த படிப்பில் இதை யாரும் சொல்லித் தரவில்லை.

நாலாவதின் நடுவில் கரண்ட் போனது. லேப்டாப்பில் சார்ஜ் இருந்தது, இணையம் இல்லை, திரையில் கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நான் என் ஃபோனில் ஹாட்ஸ்பாட் போட்டு, சிக்னலுக்காக ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு இருபது நிமிஷம் நின்றேன். கீழே டீக்கடைக்காரர் நான் எதையோ எறியப் போகிறேன் என்று நினைத்துப் பாத்திரத்தை மூடினார். எண்பத்து நாலு. ஐந்தாவது முடிந்தபோது மணி நாலேகால், எண்பத்தெட்டு. ரோஹன் ஐந்தையும் அனுப்பினான். ஐந்தே நிமிஷத்தில் பதில் வந்தது, பேட்ஜ் எங்களுக்கே. ஆபீஸே கூச்சல். யாரோ கேக் வாங்க ஓடினார்கள். ரோஹன் மேஜைமேல் ஏறிவிட்டான்.

சுதீர் களைத்துப் போய்க் கண்ணாடி அறைக்கு வந்தார். காது சிவந்திருந்தது. "ஆய்த்துக்கா, முடிஞ்சது! அஞ்சு போதும். கலக்கிட்டீங்க. வாங்க, கேக் வெட்டலாம். அப்படியே உங்க சீட்டுக்கு வந்துட்டீங்கன்னா..."

அக்கா எழுந்திருக்கவில்லை.

"உங்களுக்கு அஞ்சு போதும் சார்," என்றாள். "எனக்கு ஆறு."

கூச்சல் அப்படியே அடங்கியது. பாக்கி இருந்தது அளவீடு. அவள் ஏற்கெனவே தோற்ற ஒரே பரீட்சை. இதில் தோற்றால் "ஆறு" முடியாது, சுதீருக்கு மறுபடியும் ஒரு டெக்னிக்கல் கிடைத்துவிடும், திங்கட்கிழமை அவள் ரிசீவரோடு இருப்பாள். கம்பெனிக்கு இனி இந்தப் பரீட்சையால் ஒரு லாபமும் இல்லை. அக்கா கதவைச் சாத்திவிட்டு ஆரம்பித்தாள்.

எழுபத்தைந்து நிமிஷத்தில் எழுபத்து மூன்றை எடுத்துக்கொண்டாள். கேக் வந்து பெட்டியிலேயே இருந்தது. கண்ணாடிக்கு வெளியே நாங்கள் வரிசையாக நின்றோம். அவள் உதடு ஒவ்வொரு கேள்விக்கும் அசைந்தது. ஒரு கட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். என் சொந்தப் பரீட்சைக்கு நான் இத்தனை பயந்ததில்லை. பிறகு கண்ணைத் திறந்து, சட்டென்று கடைசிப் பொத்தானை அழுத்தினாள்.

எண்பத்திரண்டு.

நான் கத்தியது எதிர் கட்டடம் வரை கேட்டதாகச் சொன்னார்கள். கதவைத் திறந்து உள்ளே விழுந்தோம். திரையில் சான்றிதழ் வந்திருந்தது, அதில் பெயர் "அன்னம்மாள்". அதைப் பார்த்துக்கொண்டே அக்கா சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். "பாஸாயிட்டேன் நிரு, பாஸாயிட்டேன்" என்று பி.யூ.சி. ரிசல்ட் பார்த்த பெண் மாதிரி என் கையைப் போட்டு உலுக்கினாள்.

அப்போது வாசலில் ஃபோன் அடித்தது.

அக்கா பாதி எழுந்துவிட்டாள். கை கூட நீண்டுவிட்டது. இருபத்தேழு வருஷப் பழக்கம். எல்லாரும் அவளைத்தான் பார்த்தோம், அவள் சுதீரைப் பார்த்தாள். ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது. சுதீர் ஒரு பெருமூச்சு விட்டு, திரும்பி, ஏறக்குறைய ஓடினார்.

"ஹலோ... இல்ல சார், எப்பவும் எடுக்கற மேடம் இல்ல. நான் சுதீர் பேசறேன்." எதிர்முனையில் யாரோ விடாமல் கேட்டார்கள் போலிருக்கிறது. சுதீர் கொஞ்சம் தயங்கினார். எங்கள் பக்கம் பார்த்தார். பிறகு சத்தமாகச் சொன்னார்: "அன்னம்மாள் மேடம் இப்ப கேம்பெய்ன் டீம்ல இருக்காங்க சார். விளம்பரம் போடறது அவங்கதான். உங்க நம்பர் குடுங்க, பேசச் சொல்றேன்."

அக்கா சுதீரின் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள்.

"அவர் வாயால சொல்லிட்டாரு, கேட்டியா நிரு?" என்றாள். "இன்னொரு தடவ சொல்லச் சொல்லேன்."