கத்தரிக்கோலின் மறுமுனை

சித்திக்குக் கோபம் வந்தால் வீட்டில் யாருக்கும் தெரியாது. பாத்திரம் உருளாது, கதவு அடிபடாது, சாப்பாட்டில் உப்பு ஏறாது. எல்லாம் உள்ளேயே அடைகாத்துக் கிடக்கும். அடைகாக்க வைப்பதுதான் அவள் தொழிலும்.

கோழிக்குஞ்சு பொரிக்கும் பண்ணை ஒன்றில் பதினாறு வருடமாக முட்டை பார்க்கும் வேலை. ஜன்னல் இல்லாத இருட்டறையில், அடியிலிருந்து விளக்கெரியும் மேசைமேல் தட்டுத் தட்டாக முட்டை வரும். சிலந்தி கால் விரித்தது போல ரத்த நரம்பு தெரிந்தால் உயிர் இருக்கிறது. வெறும் மஞ்சளாகத் தெரிந்தால் கருவே இல்லை. சிவப்பு வளையம் தெரிந்தால், உள்ளே இருந்தது செத்துப் போய்விட்டது. கெட்டதை எடுத்து ஓரமாக வைத்து, எத்தனை என்று சுவரிலிருக்கும் பலகையில் எழுத வேண்டும். சித்தி எடுத்து வைத்த முட்டையை இரண்டாம் முறை யாரும் பார்ப்பதில்லை. அவ்வளவு நம்பிக்கை.

கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து நான் இருப்பது அவள் வீட்டில்தான். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். இதை எங்கே வாய்ப்புக் கிடைத்தாலும் சொல்லிவிடுவேன், இங்கேயும் சொல்லிவிட்டேன். வேதியியல் படித்து, குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்ததும் சித்திக்கு ஒரு பழைய கேமரா வாங்கிக் கொடுத்தேன். பட்டமளிப்பு அன்று அவள் எனக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்திருந்தாள். அதற்குப் பதில் மரியாதை என்று வைத்துக்கொள்ளலாம்.

கேமராவில் அவள் எடுத்த முதல் படமே என்னைத்தான். பட்டமளிப்பு அங்கியை ஒருநாள் இரவல் வாங்கி வரச்சொல்லி, கொல்லையில் ஆட்டுக்குப் பக்கத்தில் நிற்க வைத்து எடுத்தாள். படத்தில் ஆட்டின் தாடி முடிகளைக்கூட எண்ணலாம். நான் மங்கலாகப் பின்னால் நிற்பேன். அதைத்தான் பெரிதாக்கிச் சாப்பிடும் இடத்துக்கு எதிரே மாட்டினாள். "ஆடு எங்க கல்லூரியில படிச்சுது?" என்று தீவன லாரி ஓட்டும் சித்தப்பா வருகிறவர்களிடமெல்லாம் கேட்பார்.

அதற்குப்பின் அவளைக் கையில் பிடிக்க முடியவில்லை. மண்ணில் குளிக்கும் கோழி, நாக்கை மூக்குத் துவாரத்துக்குள் விடும் பசு, ஆட்டின் கண்ணில் கிடக்கும் படுக்கைக்கோடு, வேலியில் வெயில் காயும் ஓணான், குழாயடியில் வாய்வைக்கும் அணில். எல்லாவற்றுக்கும் தரையோடு தரையாகப் படுத்துத்தான் எடுப்பாள். மயங்கி விழுந்துவிட்டாள் என்று பக்கத்து வீட்டம்மா ஒருமுறை சொம்புத் தண்ணீரோடு ஓடிவந்து முகத்தில் அடித்தார். அவர் வந்ததில் ஓணான் ஓடிவிட்டது. அந்த அம்மாளுடன் சித்தி பதினோரு நாள் பேசவில்லை. ஓணான் போனதற்கே பதினோரு நாள் என்றால், இனிச் சொல்லப்போவதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஊரில் புகைப்பட மன்றம் ஒன்று உண்டு. தலைவர் பல் டாக்டர். நான் உறுப்பினராகச் சேர்ந்தேன். படித்தவர்கள் நடுவில் உட்கார்ந்து தேநீர் குடிப்பது எனக்குப் பிடித்திருந்தது, மறைக்க என்ன இருக்கிறது. சித்தியின் ஆட்டுப் படங்களை ஒருநாள் கொண்டுபோய்க் காட்டினேன். டாக்டர் இரண்டைப் புரட்டினார். வெளிச்சம் எடுப்பவரின் முதுகுக்குப் பின்னாலிருந்து வர வேண்டும், இவர் எல்லாவற்றையும் வெளிச்சத்துக்கு எதிரே வைத்து எடுத்திருக்கிறார் என்றார். மாட்டை விற்கப் போகிறவர்கள் எடுக்கும் படம் போல இருக்கிறது என்றும் சொன்னார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

வீட்டுக்கு வந்து வெளிச்சம் பற்றிச் சொன்னதை மட்டும் சித்தியிடம் சொன்னேன்.

"எதிர்லேர்ந்து வெளிச்சம் வந்தாத்தானேடா உள்ள உயிர் இருக்கா இல்லையான்னு தெரியும்?" என்றாள்.

அந்தப் பருவத்தில் எங்கள் எலுமிச்சை மரத்தில் ஒரு கொண்டைக்குருவி கூடு கட்டியது. இடுப்புயரக் கிளை, மேலே இலை கூரை போட்டாற்போல மூடியிருக்கும். குனிந்து பார்த்தால்கூட வால்தான் தெரியும். மூன்று குஞ்சு. சித்தி கிட்டே போகவே மாட்டாள். சமையலறை ஜன்னல் வலைக்குப் பின்னால் நின்று எடுப்பாள். வேலைக்குப் போகிற நேரத்தில் என்ன நடக்கிறதென்று தெரியவேண்டுமே என்று என்னிடம் கேட்டாள். நிமிடத்துக்கு ஒரு படம் தானே எடுக்கும்படி கேமராவில் நான்தான் அமைத்துக் கொடுத்தேன். பழைய பச்சைத் துணியில் கேமராவைச் சுற்றி எதிரிலிருந்த கொய்யா மரத்தில் கட்டிவிட்டு வேலைக்குப் போவாள். மாலையில் வந்து உட்கார்ந்து நானூறு படத்தையும் ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். பெரும்பாலும் இலைதான் இருக்கும். அதற்கே முகம் மலர்ந்துபோகும்.

மன்றத்தில் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். கூடு பற்றிச் சொல்லித் தொலைத்தேன். அதுவரை என்னைத் 'தம்பி' என்றே கூப்பிட்ட டாக்டர் அன்று என் பட்டத்தைச் சேர்த்துப் பெயரைச் சொன்னார். ஒரு வேலைநாள் காலை, அவரே காரில் வந்து இறங்கினார். சித்தி பண்ணையில். சித்தப்பா லாரியில்.

கூட்டைப் பார்த்தார். இலை மறைக்கிறது என்றார். விலக்கிப் பார்த்தார், முள் கீறியது. "ஒரு கத்தரிக்கோல் இருந்தாக் கொடுங்க தம்பி" என்றார். தீவன மூட்டை பிரிக்கும் பெரிய கத்தரியைச் சமையலறையிலிருந்து எடுத்துவந்து, அலகுப் பக்கம் நான் பிடித்துக்கொண்டு பிடிப் பக்கம் அவரிடம் நீட்டினேன். மரியாதை தெரிந்த பையன் அல்லவா. நான்கு சிறுகிளையை வெட்டினார். வெயில் நேராகக் கூட்டுக்குள் விழுந்தது. இருபது நிமிடத்தில் தாய்க்குருவி பூச்சியோடு வந்தது. மூன்று வாயும் திறந்தன. எடுத்தார். என் தோளைத் தட்டினார். போய்விட்டார்.

கொய்யா மரத்தில் கேமரா இருப்பது எனக்கு நினைவே வரவில்லை. அமைத்துக் கொடுத்த எனக்கே.

வெட்டிய கிளைகளைப் பொறுக்கி வேலிக்கு வெளியே போட்டுவிட்டுத் தாமதமாக வேலைக்குப் போனேன். மாலையில் நான் வேலையிலிருந்து வரும்போது கூடு காலி. சித்தி மரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள்.

"காக்கா தூக்கிட்டுப் போயிடுச்சு" என்றாள்.

"அய்யோ" என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. அன்று வழக்கம்போல எனக்குத் தட்டு வைத்தாள், வழக்கம்போலக் கேமராவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். படம் பார்க்க அன்று ரொம்ப நேரம் ஆயிற்று. காக்கா வந்ததைப் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

டாக்டரின் படத்துக்கு வெளியூர்ப் போட்டியில் முதல் பரிசு வந்தது. 'தாய்மை' என்று தலைப்பு. அடர்ந்த காட்டோரம் மூன்று நாள் காத்திருந்து எடுத்தது என்று அடியில் எழுதியிருந்தார்.

அடுத்த ஏழு மாதமும் சித்தி வழக்கம்போலத்தான் இருந்தாள். வேலைக்குப் போனாள், வந்தாள், ஆட்டைப் படம் எடுத்தாள், எனக்குத் தலைவலி என்றால் தைலம் தேய்த்தாள். வேலிக்கு வெளியே கிடந்த நான்கு கிளையையும் எடுத்துவந்து காயவைத்து, துணி அலமாரியில் தன் புடவைகளுக்கு அடியில் வைத்திருந்தாள். அதை நான் பிற்பாடுதான் பார்த்தேன். நடுவில் ஒருநாள் பல்வலி என்றாள். இருக்கிற டாக்டரையெல்லாம் விட்டுவிட்டு அவரிடமே போனாள். அவருக்கு இவள் முகம் தெரியாது. வரவேற்பறையில் 'தாய்மை' பெரிதாக மாட்டியிருந்தது. முறை வரும்வரை அதற்குக் கீழே உட்கார்ந்து, சுற்றுமுற்றும் யாரும் இல்லாதபோது எழுந்து சாண் வைத்து அளந்திருக்கிறாள். நாலே கால் சாண் அகலம், மூன்று சாண் உயரம்.

"வாயைத் திறந்துகிட்டுப் படுத்திருந்தேன்டா, அந்தக் குஞ்சு மாதிரி" என்று பின்னால் சொன்னாள். "மேல அந்த ஆளு கை வருது. பச்சைக்கல் மோதிரம். அதேதான்னு பார்த்துக்கிட்டேன். வலிக்குதான்னு கேட்டாரு. இல்லன்னு தலையாட்டினேன்."

மன்றத்தின் ஆண்டுக் கண்காட்சி வந்தது. அதில் டாக்டரும் போட்டியிடுவார். ஆகவே நேர்மைக்காக அவரே ஒரு விதி வைத்திருந்தார். வருகிற படங்களையெல்லாம், மன்றத்தில் இல்லாதவர்கள் கொடுப்பதையும் சேர்த்து, ஊர் ஸ்டுடியோக்காரர் வாங்கி, அச்சிட்டு, எடுத்தவர் பெயரில்லாமல் எண்ணும் குறிப்பும் மட்டும் போட்டு மாட்டுவார். திறக்கும் நாள்வரை தலைவர்கூட உள்ளே எட்டிப்பார்க்கக் கூடாது. திறந்தபின் டாக்டர் கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு படமாக நின்று விளக்கம் சொல்வார். அதைக் கேட்கவே அவரிடம் பல் பிடுங்கியவர்கள் பாதிப்பேர் வருவார்கள்.

சித்தி இந்த விதியை என்னிடமே கேட்டுத் தெரிந்துகொண்டாள். நானும் பெருமையாக விளக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கூடத்தில் அறுபது எழுபது பேர். வெளியிலிருந்து வந்த நடுவர் ஒரு கல்லூரிப் பேராசிரியை. நடுச்சுவரில், பரிசு வாங்கியதால் யாருடையது என்று எல்லோருக்கும் தெரிந்த 'தாய்மை', அடியில் அதே காட்டோரக் குறிப்போடு. டாக்டர் கடிகார முள் போலச் சுற்றி வந்தார். முப்பத்தோராம் எண் 'தாய்மை'க்கு நேர் எதிர்ச் சுவரில் இருந்தது. நான்கு படம், வரிசையாக. நான்கும் நாலே கால் சாண், மூன்று சாண்.

முதல் படத்தைப் பார்த்து அவர் பேசத் தொடங்கினார். இலை மறைக்கிறது, பறவையின் வால் மட்டும் தெரிகிறது, புதியவர்கள் செய்யும் தவறு இது. கூட்டம் தலையாட்டியது. பேசிக்கொண்டே இரண்டாவதுக்கு நகர்ந்தார். பேச்சு நின்றது.

கிளைக்குப் பக்கத்தில் ஒரு கத்தரிக்கோல், பிடியில் ஒரு கை, பச்சைக்கல் மோதிரம். மூன்றாவதில் மொட்டையாக நின்ற கூடு, வெயிலில் வாயைப் பிளந்த மூன்று குஞ்சு, அதை நோக்கி நீண்ட பெரிய லென்ஸ். நான்காவதில் காக்கா. அலகில் என்ன இருந்தது என்று நான் எழுதப்போவதில்லை. ஒவ்வொன்றின் மூலையிலும் தேதியும் மணியும். முதல் படத்துக்கும் நான்காவதுக்கும் இடையே மூன்றே மணி நேரம்.

பேராசிரியை திரும்பி 'தாய்மை'யைப் பார்த்தார். மறுபடி இதைப் பார்த்தார். அவர் கழுத்தோடு எழுபது கழுத்தும் திரும்பித் திரும்பிப் பார்த்தன.

"காட்டோரம்னு போட்டிருக்கீங்க. பின்னால கொடியில துணி காயுதே" என்றார்.

அது சித்தி பண்ணையில் போடும் வெள்ளைக் கோட்டு. டாக்டர் படத்திலும் மூலையில் வெள்ளையாகக் கொஞ்சம் விழுந்திருந்தது. ஏழு மாதமாக அதை மேகம் என்று எல்லோரும் ரசித்திருக்கிறார்கள்.

"யார் எடுத்தது இது?" என்றார் டாக்டர்.

"நான்தாங்க" என்று பின்னாலிருந்து சித்தியின் குரல். "போன மாசம் எனக்குப் பல்லு புடுங்கினீங்க. இடது பக்கம்."

யாரோ சிரித்துவிட்டார்கள். டாக்டருக்கு அதுதான் தாங்கவில்லை. எங்கே வேலை பார்க்கிறாள் என்பது அவருக்கு என் மூலம் தெரியும்.

"நீங்க அந்தப் பண்ணையில தினம் எத்தனை முட்டையைத் தூக்கிப் போடுறீங்க? மூணு குஞ்சுக்கு இவ்வளவு நாடகமா?"

"நேத்து நூத்தி நாப்பத்தாறு" என்றாள் சித்தி. "எழுதி வெச்சுட்டுத்தான் போடுவோம். தாய்மைன்னு பேரு வெச்சு மாட்ட மாட்டோம்."

டாக்டர் சுற்றிலும் பார்த்தார், என்னைக் கண்டுபிடித்தார். "கத்தரியை எடுத்துக் கொடுத்தது யாரு? அதையும் சொல்லச் சொல்லுங்க" என்று படத்தில் விரல் வைத்தார்.

நான் அதுவரை மோதிரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போதுதான் கத்தரியின் மறுமுனையைப் பார்த்தேன். கூட்டை மட்டும் தெளிவாகக் காட்டும்படி அமைத்த கேமரா. ஆகையால் முகங்கள் இரண்டும் வெறும் புகை. கிளைக்கருகே வந்த கைகள் மட்டும் தெளிவு. அலகைப் பிடித்திருந்த கையில் என் கடிகாரம். மணி பத்து பன்னிரண்டு என்றுகூடப் படிக்கலாம். கடிகாரக் கையைப் பையில் விட்டுக்கொண்டேன். விட்டதைத்தான் எல்லோரும் பார்த்தார்கள்.

'தாய்மை'யை மதியத்துக்குள் கழற்றிவிட்டார்கள். அடுத்த வாரம் மன்றத்துக்கு வேறு தலைவர். வெளியூர்க்காரர்களும் கடிதம் போட்டுப் பரிசைத் திரும்பக் கேட்டார்களாம். சித்திக்கு எந்தப் பரிசும் தரவில்லை, அவள் கேட்கவுமில்லை. நான்கு படத்தையும் பழைய போர்வையில் சுற்றி, பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

பாதி வழியில் நான் வாயைத் திறந்தேன். "என் கை வராம ஓரத்தை வெட்டியிருக்கலாமே சித்தி."

"ஸ்டுடியோக்காரரும் கேட்டாரு, வெட்டிடட்டுமான்னு. வெட்டினவரைக்கும் போதும்னு சொல்லிட்டேன்."

"நான் அவர்கிட்ட வேணாம்னு சொல்லியிருக்கணும்."

"அதை விடு. அன்னிக்கு வீட்டுக்கு வந்து என்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல? நாளைக்குச் சொல்லுவான், நாளைக்குச் சொல்லுவான்னு ஏழு மாசம் உனக்குத் தட்டு வெச்சேன்."

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஸ்டூலைப் போட்டு ஏறினாள். ஆட்டோடு நான் அங்கியில் நிற்கும் படத்தை ஆணியிலிருந்து எடுத்தாள். இரண்டாவது படத்தை மாட்டினாள். சாய்ந்திருக்கிறதா என்று என்னையே கேட்டாள். இல்லை என்றேன்.

"ஏழு மாசம் நான் பார்த்தேன். ஏழு மாசம் நீ பாரு."

மூன்று வேளையும் அதற்கு எதிரேதான் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். சித்தப்பா இந்தப் படத்தை வைத்து யாரிடமும் ஒரு வேடிக்கையும் பேசுவதில்லை. சித்தி வழக்கம்போலத் தட்டு வைக்கிறாள், இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள் என்கிறாள். நாட்காட்டியில் ஒவ்வொரு நாளாகக் கோடு அடிக்கிறாள். இன்னும் நான்கு மாதம் இருக்கிறது.