பம்பரில் வைத்த பொட்டு

என் பள்ளி வேனில் ஒரு சட்டம் உண்டு. ஏறுகிற பிள்ளை இடம் பார்த்து உட்கார்ந்ததும் "ஏறியாச்சு அக்கா" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். கடைசிப் பிள்ளை சொல்கிறவரை நான் கியர் போட மாட்டேன். மலேசியாவில், புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து தமிழ்ப்பள்ளிக்கு இருபத்திரண்டு வருடங்களாக ஓட்டுகிறேன். முதலில் அப்படிச் சொன்னவர்கள் இப்போது தங்கள் பிள்ளைகளை அனுப்புகிறார்கள். இரண்டு தலைமுறைக்கும் நான் அக்காதான்.

அந்த வேனில் ஒரு நாளும் ஏறாத ஆள் எங்கள் வீட்டுக்காரர். எண்ணெய் ஆலைக்குச் செம்பனைப் பழம் ஏற்றுகிற லோரி ஓட்டுகிறார். மழை கொட்டு கொட்டென்று கொட்டினாலும் பிளாஸ்டிக் கோட்டை மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில்தான் போவார். பெண்டாட்டி ஓட்ட, புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து போவதை யாராவது பார்த்துவிட்டால் மானம் கப்பலேறிவிடுமாம். கல்யாணம், கருமாதி என்று சேர்ந்து போனால் எங்கள் பழைய காரை அவர் ஓட்டுவார், நான் பக்கத்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இதில் எனக்குக் கோபமே இல்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய்.

மகள் ஷா ஆலமில் வேலை செய்கிறாள். அவளைப் பார்க்கப் போன ஒரு நாள், சாலை விளக்கில் ஒரு கார் என் வேனுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. கருநீலம். ஜெர்மன்காரன் செய்த மின்சாரக் கார். பச்சை விழுந்ததும் மூச்சு விடுகிற சத்தம்கூட இல்லாமல் போயே போய்விட்டது. என் வேன் அப்போதுதான் இருமவே தொடங்கியது. டீசல் வாடையிலும் பிள்ளைகளின் கூச்சலிலும் பாதி ஆயுளைக் கழித்தவளுக்கு அந்த அமைதியின் மேல் எப்படி ஆசை வராமல் இருக்கும்?

புதிதாக வந்தபோது அது வீடு வாங்குகிற விலை. ஆனால் பேட்டரி வண்டியைப் பழையதாக வாங்க ஆட்கள் பயப்படுவதால், நாலைந்து வருடத்தில் விலை மளமளவென்று இறங்கிவிடுகிறது. ஆறு மாதம் தேடி, கிள்ளானில் ஒரு கடையில் அதே கருநீலத்தைக் கண்டுபிடித்தேன்.

கடைக்காரத் தம்பி என்னைப் பார்த்துவிட்டு எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான்.

"அங்கிள் வரலியா ஆண்டி?"

"அங்கிளுக்கு லோரி இருக்கு. காரு எனக்கு லா."

சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தேன். மோந்தும் பார்த்தேன். வெள்ளத்தில் நின்ற வண்டியை எவ்வளவு கழுவினாலும் பெல்ட்டின் கடைசி முழத்தில் சேறு காட்டிக்கொடுத்துவிடும். காலடிப் பாயைத் தூக்கினேன், இருக்கைக்கு அடியில் விரலை விட்டுத் தடவினேன். பேட்டரிக்குத் தனியாகச் சோதனைச் சீட்டு வேண்டும், அதுவும் கார் கம்பெனியின் சர்வீஸ் நிலையத்தில் எடுத்ததாக இருக்க வேண்டும் என்றேன். ஒரு வாரம் கழித்துச் சீட்டு வந்தது. பேட்டரி நன்றாக இருந்தது, வாரண்டியும் பாக்கி இருந்தது. அதற்குப் பிறகு அந்தத் தம்பி எனக்குப் பின்னால் யாரையும் தேடவில்லை.

வீட்டில்தான் வேறு கதை.

"பெரிய மனுஷன் வேணாம்னு தள்ளிவுட்ட வண்டி," என்றார் எங்கள் வீட்டுக்காரர். "பேட்டரி செத்தா என்னா பண்ணுவ? ஹேன்போன் மாதிரி தூக்கிப் போட்டுட்டு வேற வாங்குவியா?"

"உங்க லோரி செத்தப்ப நீங்க என்னா பண்ணீங்க? ரிப்பேரு பாக்கலியா?"

"என்னமோ பண்ணு. நான் அதுல ஏற மாட்டேன்."

"ஏறச் சொல்லி இங்க யாரு அழுதா?"

வாய் அப்படிச் சொன்னது. பிறகு அடுப்படியில் போய் நின்றுகொண்டு அழுதேன். அந்தக் காரில் என் பக்கத்து இருக்கையில் அவர் உட்கார வேண்டும். என் ஆசையில் பெரிய பங்கு அதுதான். அதை அவரிடம் கேட்க மட்டும் வாய் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தோட்டத்து மாரியம்மன் கோவிலில் காருக்குப் பூசை வைத்தோம். சனம் திரண்டுவிட்டது. அதில் பாதிப் பேர் என் வேனில் போனவர்கள். எங்கள் வீட்டுக்காரரும் வந்தார். மோட்டார் சைக்கிளில் வந்து, தள்ளி மரத்தடியில் நிறுத்தி, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

"எஞ்சினுக்குப் பொட்டு வைக்கணும். மூடியத் தொற தங்கச்சி," என்றார் பூசாரி.

திறந்தேன். உள்ளே துடைத்துவைத்த தொட்டி மாதிரி ஒரு காலி இடம்.

"என்னா தங்கச்சி, எஞ்சினக் காணோம்? ஏமாத்திட்டானுங்களா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஹெல்மெட்டுக்குள்ளிருந்து வந்த சிரிப்பும் எனக்குத் தனியாகக் கேட்டது.

பூசாரி ஒன்றையும் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை. குனிந்து பார்த்தார். முன் பம்பரில் பத்து சென் காசு அளவில் வட்ட வட்டமாக ஆறு புள்ளிகள் வரிசையாக இருந்தன. "பாரு, பொட்டு வைக்கன்னே ஜெர்மன்காரன் எடம் விட்டுருக்கான்!" என்று ஒவ்வொரு வட்டத்திலும் சந்தனத்தைக் கெட்டியாக அப்பி, மேலே குங்குமம் வைத்தார். பெரிய மாலை ஒன்றைப் பம்பர் நெடுகத் தொங்கவிட்டார். எனக்கும் அது கண்ணுக்கு நிறைவாகத்தான் இருந்தது. "வைங்க சாமி, நல்லா வைங்க" என்று நானேதான் சொன்னேன்.

நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்து, சூடம் காட்டி முடித்தார்கள். நான் ஏறி உட்கார்ந்து மிதியை மெதுவாக அழுத்தினேன். கார் ஒரு விரற்கடை நகர்ந்து, வெடுக்கென்று நின்றது. கீகீயென்று கத்தியது. மறுபடி அழுத்தினேன், மறுபடியும் நின்றது. மூன்றாவது தடவையும் அதே கதைதான். எலுமிச்சம்பழம் அலுங்காமல் அங்கேயே இருந்தது.

"ஆத்தா உத்தரவு குடுக்கலியோ?" என்று ஒரு அம்மா சொன்னது கண்ணாடி வழியாகவே கேட்டது. யாரும் சிரிக்கவில்லை. எனக்குக் கை வியர்த்துவிட்டது. இத்தனை வருடத்தில் பிள்ளைகளுக்கு ஒரு கீறல் படாமல் ஓட்டிய கை. மரத்தடியைப் பார்த்தேன். அவர் ஹெல்மெட்டைக் கழற்றியிருந்தார். இந்தக் கார் இங்கே நின்றுபோனால் அவர் ஆயுசுக்கும் ஏற மாட்டார் என்று நினைத்தேன்.

பயம் போய் எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால்தான் எனக்குப் புத்தி வேலை செய்யும். திரையைப் பார்த்தேன். காரின் படத்துக்கு முன்னால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை சிவப்பு. முன்னால் ஏதோ இடிக்கப் போகிறது என்கிறது. முன்னால் யாரும் இல்லையே! அப்போதுதான் கிள்ளான் தம்பி அந்த வட்டங்களைத் தொட்டுக் காட்டி, "இதுங்கதான் ஆண்டி காரோட கண்ணு" என்று சொன்னது நினைவுக்கு வந்தது.

கதவைத் திறந்து இறங்கினேன்.

"ஆத்தாவுக்கு ஒரு கொறையும் இல்ல. ஆறு கண்ணுலயும் சந்தனத்த அப்பி, மொகத்துல மாலையத் தொங்கவுட்டா எவதான் நடப்பா?"

மாலையைத் தூக்கி மேலே மூடியின்மீது போட்டேன். முந்தானையால் முதல் வட்டத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, பம்பரின் மறுகோடியில் இன்னொரு கை துடைப்பதைக் கண்டேன். லோரிக் கண்ணாடி துடைக்கிற மஞ்சள் துணி. எங்கள் வீட்டுக்காரர் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"இடுக்குல குங்குமம் இருக்கு. இரு, அவசரப்படாத," என்றார், என்னைப் பார்க்காமலேயே.

பூசாரி ஆறு பொட்டையும் மூடியின்மேல் வைத்தார். நான் ஏறி அழுத்தினேன். எஞ்சின் சத்தம் இல்லாததால், எலுமிச்சம்பழம் நசுங்கிய சத்தம் தோட்டத்து சனம் அத்தனைக்கும் கேட்டது. என் வேன் பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்கு நெஞ்சு கொள்ளவில்லை. கோவிலை ஒரு சுற்றுச் சுற்றி, மரத்தடியில் கொண்டுவந்து நிறுத்தினேன். ஏறுங்கள் என்று நான் சொல்லவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கினேன்.

அவர் சனத்தைப் பார்த்தார். எல்லோரும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மோட்டார் சைக்கிள் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார். பெல்ட்டை மாட்டினார், ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டார். நான் வண்டியை எடுக்காமலேயே இருந்தேன். என்ன என்பது போல் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அவருக்கு ஏதோ பிடிபட்டது.

"ஏறியாச்சு அக்கா," என்றார், கோவில் வாசல்வரை கேட்கிற மாதிரி.

நான் கியர் போட்டேன்.