வெள்ளிக்கிழமை எஞ்சின் சத்தம்

என் வீட்டுக்காரருக்குக் கார் என்றால் முன்பக்கம் நீட்டிக்கொண்டு இருக்க வேண்டும். கடையநல்லூரில் எங்கள் வீட்டு வாசலை முக்கால்வாசி அடைத்துக்கொண்டு நிற்கும் அவருடைய பழைய பெட்ரோல் வண்டி அப்படித்தான். அதன் மூக்கு தெருமுனைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் நாம் போய்ச் சேருவோம். இந்தக் காலத்துப் பையன்கள் அதை 'மசில் கார்' என்கிறார்கள். ஸ்டியரிங்கைத் திருப்ப நமக்குத்தான் மசில் வேண்டும்.

என்னுடையது கியர் மாற்ற வேண்டாத குட்டிக் கார். தென்காசி மார்க்கெட் சந்தில் ஆட்டோ போகிற இடமெல்லாம் அதுவும் போகும். சீசனில் குற்றாலத்துக்குப் போனால், அவர் தன் வண்டியை நிறுத்த இடம் தேடி முடிப்பதற்குள் நான் ஐந்தருவியில் குளித்துத் தலை துவட்டியிருப்பேன். ஆனால் என் வண்டியை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எஞ்சின் ஓடுகிறதா என்று எனக்கே சந்தேகம் வரும். அவர் வண்டியைக் கிளப்பினாலோ அடுத்த தெரு வரைக்கும் தெரியும்.

அவர் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். ஊருக்கு வரவேண்டிய விடுப்பு இரண்டு முறை தள்ளிப்போய்விட்டது. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் போன் செய்வார். பிள்ளைகளை விசாரித்த கையோடு, "ஏட்டி, வண்டியக் கொஞ்சம் ஸ்டார்ட் பண்ணு" என்பார். நான் பானட்டைத் தூக்கிப் போனைப் பிடிப்பேன். பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பார்.

"இதக் கேட்டாத்தான் அடுத்த வாரம் வரைக்கும் தாக்குப்பிடிக்கேன்" என்றார் ஒருமுறை. அதை அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை.

இந்தச் சாரல் நாட்களில் வண்டி படுத்துவிட்டது. மெக்கானிக் வந்து பார்த்துவிட்டுக் கையைத் துடைத்தார். "எஞ்சின் பிளாக்கே விரிசல் விட்டுட்டு, அக்கா. இதுக்குச் சாமான் எங்கயும் கிடைக்காது."

வண்டி மேல் கோபம் வந்தது. அதை என் தலையில் கட்டிவிட்டுப் போன மனிதர் மேலும் வந்தது. கோபப்பட்டு என்ன செய்ய? சொன்னால் அங்கே அறையில் தனியாக உட்கார்ந்து அழுவார். ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார என்னால் முடியுமா?

மகளின் போனில் எப்போதோ பதிவு செய்த எஞ்சின் சத்தம் இருந்தது. அந்த வெள்ளிக்கிழமை அவர் கேட்டதும் அதை ஓடவிட்டு, பக்கத்தில் என் போனைப் பிடித்தேன்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார். எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

"கொஞ்சம் மிதி. ரேஸ் ஏறட்டும்."

இதை நான் யோசிக்கவே இல்லை. சத்தம் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது.

"மிதிக்கியா?"

"மிதிக்கேங்க."

பதிவு முடிந்து சத்தம் பட்டென்று நின்றது. பொய் சொல்லி மாட்டிக்கொண்டது வெட்கமாக இருந்தது. அதைவிட, ஏசவாவது மாட்டாரா என்று தவிப்பாக இருந்தது.

"ஆஃப் பண்ணிட்டியா? நல்லது. பெட்ரோல் வீணாப் போவும்" என்றார் மெதுவாக. பிறகு, "உன் வண்டி ஓடுதா?" என்று கேட்டார்.

"ஓடுதுங்க."

"அது போதும்டி."

அவர் குரல் உடைந்திருந்தது. போனை வைக்க அவருக்கும் மனமில்லை, எனக்கும் இல்லை.