திரையில் தலையாட்டிய மனிதரும் மரகதம் அக்காவும்

போன மாதம் சென்னீர்குப்பம் சிக்னலில் நின்றிருந்தபோது மரகதம் அக்காவின் ஜூனியர் போன் செய்தார். "சார், அக்கா காலையில போயிட்டாங்க." பச்சை விழுந்தும் நான் நகரவில்லை. பின்னால் வந்தவர் "இன்னா அண்ணாத்தே, வண்டியிலயே தூங்கிக்கினு கீறியா?" என்று கத்திவிட்டுப் போனார். அக்கா கேட்டிருந்தால் வாய்விட்டுச் சிரித்திருப்பார்.

அவரிடம் வாதாடியவர்களும் திட்டு வாங்கியவர்களும் இதைப் படிப்பீர்கள். பூந்தமல்லி கோர்ட்டில் நான் அரசுத் தரப்பு வக்கீல், அவர் எதிர்த்தரப்பு. அவர் குறுக்கு விசாரணையை ஆரம்பித்தால் வெளியே டீக்கடைக்காரருக்கும் சாட்சியின் பெயர் தெரிந்துவிடும். "அக்கா, சாட்சி இங்கதான் நிக்கிறாரு, திருமழிசையில இல்ல" என்பேன். "உங்க சாட்சி பொய் சொல்றது திருமழிசைக்கும் தெரியட்டுமே தம்பி" என்பார். உள்ளே எலியும் பூனையுமாக இருந்துவிட்டு வெளியே வந்து ஒன்றாகப் பஜ்ஜி தின்போம். என் தட்டிலிருந்து ஒன்றை எடுக்காவிட்டால் அவருக்குச் சாப்பிட்ட மாதிரியே இருக்காது.

சேகர் வழக்கைச் சொல்லாமல் அக்காவைச் சொல்ல முடியாது. சேகர் ஒரு தொழிற்சாலையில் பிரஸ் மெஷின் ஓட்டியவர். அங்கே சூப்பர்வைசரைப் பின்னாலிருந்து யாரோ கம்பியால் அடித்துப் போட்டிருந்தார்கள். சேகர் சட்டையில் ரத்தம். முதல் நாள் இருவருக்கும் வாய்ச்சண்டை வேறு. ஜாமீனுக்கு ஆளில்லாமல் சேகர் சிறையிலேயே கிடந்தார். "மயக்கம் தெளிஞ்சு பார்த்தா ரத்தச் சட்டையோட சேகர்தான் பக்கத்துல இருந்தான்" என்று சூப்பர்வைசர் சாட்சி சொல்லியிருந்தார்.

சாட்சிகள் முடிந்ததும் நீதிபதி ஒவ்வொரு சாட்சியத்தையும் எடுத்துச் சொல்லி, குற்றம் சாட்டப்பட்டவரிடம் விளக்கம் கேட்பார். சேகரிடம் அதைச் சிறையிலிருந்து காணொலியில் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டி "ஆமா சார்" என்றார். கம்பியால் அடித்தீர்களா என்பதற்கும் அதே பதில். நடுவில் எங்கள் பக்கத்து மைக்கை அணைக்கச் சொல்லிவிட்டு நீதிபதி எழுத்தரிடம் ஏதோ கேட்டார். திரையில் சேகர் அதற்கும் "ஆமா சார்" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டோம். அக்கா மட்டும் எழுந்து நின்றார்.

"ஐயா, மைக் ஆஃப்ல இருக்கு. இவர் யாருக்குப் பதில் சொல்றாரு?"

மெஷின் சத்தத்தில் சேகருக்குக் காது பெரும்பாலும் போயிருந்தது. அக்காவின் குரல் மட்டும் அவருக்கு எட்டியதால் அக்காவுக்கே அது தெரியவில்லை. "என் தொண்டையே என்னை ஏமாத்திடுச்சு தம்பி" என்று அன்று பஜ்ஜியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

அக்கா மனுப்போட்டு சேகரை நேரில் வரவழைத்தார். நீதிபதி அருகே நிறுத்தி உரக்கக் கேட்டார். "நான் அடிக்கல சார். கீய வியுந்து கெடந்தாரு, தூக்கினேன். அதான் சட்டைல ரத்தம்" என்றார் சேகர். அதன்பிறகு சூப்பர்வைசரை மறுபடி விசாரிக்க அக்கா அனுமதி வாங்கினார். அவர் ஓசூருக்கு மாறிப்போயிருந்ததால் திரையில் வந்தார். அக்கா அன்று குரலை உயர்த்தவே இல்லை.

"கண்ணைத் தெறந்தீங்களே, அப்ப உங்க தலை எங்க இருந்துச்சு?"

அவர் அசையவில்லை. நெட் போய்விட்டது என்று யாரோ சொன்னார்கள். அப்படிச் சொன்னவரை அக்கா கையை உயர்த்தி அடக்கினார். கடைசியில் சூப்பர்வைசர் சொன்னார்: "அவன் மடியிலங்க."

சேகர் விடுதலையானார். தோற்றுப்போன வழக்குகளில் எனக்கு நிம்மதி தந்தது அது ஒன்றுதான்.

அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒரு பழக்கம். திரையில் வருபவரிடம் "கேக்குதா?" என்று நான் கேட்பதில்லை. அதற்கு எல்லோருமே ஆமாம் என்றுதான் சொல்வார்கள். "நான் என்ன கேட்டேன், சொல்லுங்க" என்கிறேன். போன வாரம் என் தரப்புச் சாட்சியான ஒரு பெண் அதைச் சொல்லத் தெரியாமல் விழித்தார். எழுந்து, அவரை நேரில் அழைக்க அனுமதி கேட்டேன். என் வழக்குக்கு அது நல்லதா கெட்டதா என்று யோசிக்கவில்லை. அனுமதி கிடைத்ததும், ஒரு கேலிப் பேச்சாவது வருமென்று எதிர்ப்பக்க நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன். அங்கே வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

மரகதம் அக்கா இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.