பெட்ரோல் பைப்பில் சோப்பு

ரெட்டை ஸ்பேனர் எங்கே என்று கேட்டால்தான் அந்தத் தெருவில் வழி காட்டுவார்கள். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால், "அப்படி யாரும் இங்க இல்லையே" என்பார்கள். கார் ஷெட்டில் முப்பத்தோரு வருஷமாக வேலை செய்கிற மனுஷர். பெட்ரோல் பைப்பில் எந்த நட்டைக் கழற்றினாலும், ஒரு ஸ்பேனரால் மறுபக்கத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு இன்னொன்றால்தான் திருப்புவார். எவ்வளவு அவசரமானாலும் இதில் மாற்றம் கிடையாது. "ஒரு கையில டீயும் ஒரு கையில ஸ்பேனருமா வேலை செய்யத் தெரியாத ஆளு" என்று கூட வேலை செய்கிறவர்கள் கிண்டலாக வைத்த பெயர் அது.

பழக்கம் சும்மா வந்ததில்லை. இருபது வயதில் ஒரே ஸ்பேனரைப் போட்டு ஒரு நட்டை இறுக்கினார். நட்டோடு பைப்பும் முறுக்கிக்கொண்டதைப் பார்க்காமல் வண்டியை அனுப்பிவிட்டார். மறுநாள் வண்டி திரும்பி வந்தபோது பின்சீட்டுக்குக் கீழே விரிப்பெல்லாம் பெட்ரோல் ஈரம். அந்த ஈரத்தில் ஒரு கைக்குழந்தையின் காலுறை ஒட்டிக்கொண்டு கிடந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஆண்டவன் காப்பாற்றினான். ஆனால் அந்தக் காலுறையைப் பிய்த்து எடுத்த அன்றே இரண்டாவது ஸ்பேனரைக் கையில் எடுத்தார்.

அன்று ஷெட்டுக்கு விடுமுறை. காலை எட்டு மணிக்கே மாப்பிள்ளை வண்டியோடு வந்து நின்றார். மாப்பிள்ளை என்றால் தங்கையின் கணவர். தகப்பன் இல்லாத வீட்டில் தங்கையை வளர்த்துக் கட்டிக்கொடுத்தவர் ரெட்டை ஸ்பேனர்தான். அதனால் பதின்மூன்று வருஷமாக மாப்பிள்ளை முன்னால் அவர் குரலை உயர்த்தியதில்லை. கல்யாணப் பந்தியிலேயே, "மச்சான் பரிமாறினா சாப்பாட்டுல பெட்ரோல் வாசம் அடிக்குது" என்று மாப்பிள்ளை சொல்ல, பந்தி முழுக்கச் சிரித்தது. இவரும் சிரித்தார். அன்றைக்கு விழுங்கியதுதான் முதல் விழுங்கல். அப்புறம் எத்தனையோ.

பின்சீட்டிலிருந்து தங்கையும் இறங்கினாள். டிக்கியில் பைகள் அடுக்கியாகிவிட்டது. மலைமேல் இருக்கிற மாப்பிள்ளையின் அண்ணன் வீட்டுக்கு மத்தியானம் கிளம்ப வேண்டும். போன தடவை ஏற்றத்தில் வண்டி மூச்சு வாங்கி நின்றுவிட, அண்ணன்காரர் மேலே இருந்து இறங்கி வந்து தள்ளிவிட்டுச் சிரித்தாராம். அந்தச் சிரிப்பு மாப்பிள்ளைக்கு ஜீரணமாகவில்லை. இருக்கிறதைவிடப் பெரிய பெட்ரோல் பம்பு ஒன்றை வாங்கி மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு வந்திருந்தார்.

"ரெண்டு மணி நேர வேலை மச்சான். வீடியோல ஒருத்தன் இருபது நிமிஷத்துல முடிக்கிறான். நீங்க நிதானமான ஆளு, அதான் ரெண்டு மணி நேரம் குடுக்குறேன்."

"பெரிய பம்புன்னா வேகமாத் தள்ளும், மாப்பிள்ளை. பில்டரையும் மாத்தணும். பைப்பையும் ஒரு தடவை பாத்துடணும்."

"பாருங்க, பாருங்க. பாக்குறதுக்கு என்ன."

ஷெட்டைத் திறந்து, வண்டியை வேலைக் குழிக்கு மேலே நிறுத்தி, பேட்டரி வயரைக் கழற்றினார். டேங்கில் இருந்த பெட்ரோலைக் கேனில் இறக்கினார். பிறகு குழிக்குள் இறங்கி விளக்கைத் தூக்கிப் பிடித்தார்.

பின்சீட்டுக்கு நேர் கீழே பில்டர் இருந்தது. டேங்கிலிருந்து வரும் இரும்புப் பைப்பு அதில் சேருகிற இடத்தில் ஒரு நட் இருக்க வேண்டும். நட்டைக் காணோம். அங்கே கோழிமுட்டை அளவுக்கு ஒரு உருண்டை தொங்கியது. கறுப்பும் சாம்பலுமாய், ஆறாத புண்மேல் பொருக்கு கட்டின மாதிரி. அதன் நுனியில் ஒரு துளி நின்றது. விழவும் இல்லை, காயவும் இல்லை.

கத்தியால் சுரண்டினார். மேலே சேறு. சேற்றுக்குக் கீழே ஓட்டையடைக்கும் பசை. பசைக்குள் யாருடையதோ ஒரு தலைமுடி சுருண்டு கிடந்தது. அதற்கும் கீழே தண்ணீர்க் குழாய்க்காரர்கள் சுற்றுகிற வெள்ளை நாடா, அழுக்குக் கட்டுத்துணி போல நைந்து. நாடாவை உரித்தால் அதற்கும் கீழே பச்சையாய், வழுவழுப்பாய் ஏதோ ஒன்று. விரலில் தேய்த்து முகர்ந்தார். துணி துவைக்கிற சோப்பு.

"த்தூ!" என்று குழியின் மூலையில் துப்பினார். ஆளைப் பார்த்துத் துப்புகிறவர் இல்லை அவர், வேலையைப் பார்த்துத் துப்புகிறவர்.

"மாப்பிள்ளை, இதுல யாரு சோப்பு வெச்சது?"

மேலே இரண்டு செருப்புகள் மட்டும் தெரிந்தன. அவற்றில் பெருமை தெரிந்தது. "நான்தான். அஞ்சு வருஷம் முன்னால லேசா ஒழுகிச்சு. பெட்ரோல்ல சோப்பு கரையாது மச்சான், தெரியுமில்ல? அப்பப்போ கொஞ்சம் அப்பி விட்டுடுவேன். ஒரு பைசா செலவில்ல."

வழியில் ஒழுகினால் வீடு வந்து சேருகிற வரைக்கும் சோப்பு வைப்பதுண்டு. அது அவருக்கும் தெரியும். வீடு வந்து சேருகிற வரைக்கும். அஞ்சு வருஷத்துக்கு அல்ல.

சோப்பின் ஈரம் தின்று, நட்டும் பைப்பும் ஒரே துருக்கட்டியாய்ப் பிடித்துப்போயிருந்தன. துரு இளக்கும் எண்ணெயை விட்டுக் காத்திருந்தார். இரண்டு ஸ்பேனரையும் போட்டு மெல்ல அழுத்தினார். நட் அசையவில்லை, ஸ்பேனர்தான் வழுக்கியது. விளக்கைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தால் நட்டின் ஆறு முனையும் மழுங்கி, ஒரு பக்கம் மட்டும் புதிதாய்ப் பளபளவென்று சிராய்ந்திருந்தது. பைப்பே பிழிந்த துணி மாதிரி அரைச் சுற்று முறுக்கியிருந்தது. அந்த முறுக்கில் மயிரிழை போல ஒரு கீறல்.

"சமீபத்துல யாராவது இதுல கை வெச்சாங்களா?"

"யாரும் இல்லையே."

"இந்தச் சிராய்ப்பு ஒரு வாரம்கூட ஆகாதது, மாப்பிள்ளை."

செருப்புகள் இடம் மாறி நின்றன. "போன வாரம் வீட்டுல தண்ணிக் குழாய் திருப்புற ரிஞ்ச் இருந்துச்சு. சும்மா லேசா ஒரு திருப்பு திருப்பிப் பாத்தேன். அதுக்கென்ன இப்போ?"

நீரில் விழுந்த எலியைத் தூக்குகிறவர் மாதிரி ரெட்டை ஸ்பேனர் அந்த உருண்டையின் மிச்சத்தை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு நின்றார். சொல்ல வந்ததை விழுங்கினார்.

அப்போதுதான் மேலே தங்கை போனில் பேசுவது கேட்டது. வண்டிக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். வீட்டிலிருக்கிற சின்னவளோடு பேசிக்கொண்டிருந்தாள். எட்டு வயசு.

"மத்தியானம் ஒண்ணும் சாப்பிட்டுத் தொலைக்காதே கண்ணு. அக்கா குடுத்தாலும் வேணாம்னு சொல்லு. வண்டியில ஏறினா உனக்குத் தலைவலி, வாந்தி. அப்புறம் அப்பா திட்டுவார். பத்து கவர் எடுத்து வெச்சிருக்கேன். இல்லடா, கண்ணாடியை இறக்க முடியாது, அப்பாவுக்கு தூசி ஆகாது... பஸ்ல போனப்போ வரல, சரிதான். எல்லாத்துக்கும் பதில் பேசாதே."

கீறலிலிருந்து ஒரு துளி ரெட்டை ஸ்பேனரின் மணிக்கட்டில் விழுந்தது.

பில்டர், அதற்கு மேலே வண்டியின் தரைத்தகடு, தகட்டில் ரப்பர் மூடி கழன்ற ஒரு ஓட்டை, அதற்கு மேலே பின்சீட்டு. அந்தச் சீட்டில் யார் உட்காருவார்கள் என்று அவருக்குத் தெரியும். போன பிறந்தநாளைக்கு அந்தப் பிள்ளைக்கு ஒரு கட்டு பிளாஸ்டிக் கவர் வாங்கி, ரிப்பன் கட்டி, "மாமா பரிசு" என்று கொடுத்து எல்லோரையும் சிரிக்கவைத்தவர் அவரேதான். பிள்ளை சிரிக்கவில்லை. வாங்கி மடித்து வைத்துக்கொண்டது. அதை நினைத்தபோது சோப்பும் தலைமுடியும் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது. பெட்ரோல் வாசத்திலேயே முப்பத்தோரு வருஷம் ஊறிய மூக்குக்கு, தங்கை வீட்டு வண்டியில் மட்டும் அது தெரியாமல் போயிற்றே. ஆண்டவனே, இதற்கு என்ன மன்னிப்புக் கேட்பது?

குழியிலிருந்து தலையை நீட்டினார். "மாப்பிள்ளை, டேங்குலேர்ந்து முன்னால வரைக்கும் இந்தப் பைப்பை மாத்தணும். ரெண்டு நாள் ஆகும்."

"விளையாடுறீங்களா? மத்தியானம் கிளம்பணும். பம்பு மேல டேங்குக்குள்ள இருக்கு. மேலயே மாத்துங்க. கீழ எதையும் தொடாதீங்க."

"கீறல் விட்டிருக்கு. புதுப் பம்பு தள்ளுற வேகத்துக்கு, ஏத்தத்துல போகும்போது பீச்சி அடிக்கும். பக்கத்துலயே சைலன்சர் கொதிச்சுக்கிட்டு இருக்கும்."

"அப்படின்னா இன்னும் கொஞ்சம் சோப்பு வெச்சு அமுக்குங்க."

"மாப்பிள்ளை..."

"முடியலன்னா முடியலன்னு சொல்லுங்க மச்சான், இதுல வெக்கம் என்ன? அடுத்த தெருவுல ஒரு பையன் இருக்கான், அவன்கிட்ட ஓட்டிட்டுப் போறேன். அவனும் போடலன்னா பழைய பம்போடவே போறேன். இத்தனை வருஷம் ஓடல?"

போவார். அதில் சந்தேகமே இல்லை. கேனில் இருக்கிற பெட்ரோலைத் திரும்ப ஊற்றி, இரண்டு பிள்ளைகளையும் அந்தச் சீட்டில் ஏற்றி, கண்ணாடியை மூடிக்கொண்டு மலை ஏறுவார். கெஞ்சினால் சிரிப்பார். சண்டை போட்டால் அந்தச் சண்டையை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தங்கையிடம் தீர்த்துக்கொள்வார்.

ரெட்டை ஸ்பேனர் மறுபடி குழிக்குள் இறங்கினார். இரண்டு ஸ்பேனரையும் துடைத்துப் பெட்டியில் வைத்தார். சின்னப் பைப் கட்டரை எடுத்து, கீறலுக்கு ஒரு சாண் அந்தப் பக்கம் பைப்பில் மாட்டித் திருகினார். சுற்றிச் சுற்றித் திருகினார். மெல்லிய சத்தம். உள்ளே மிச்சமிருந்த கொஞ்சம் பெட்ரோல் கைவழியே ஒழுகி, அடியில் வைத்திருந்த தட்டில் சொட்டியது. பில்டர் பக்கமும் அறுத்தார். நட்டோடும் முறுக்கோடும் அந்தத் துண்டு கையோடு வந்தது.

மேலே ஏறி வந்தவரின் கையைப் பார்த்ததும் மாப்பிள்ளையின் முகம் வெளுத்தது. "என்னய்யா பண்ணீங்க? வண்டியை நாசம் பண்ணிட்டீங்களே! உங்களை நம்பி விட்டேன் பாருங்க, என்னைச் சொல்லணும்!"

ரெட்டை ஸ்பேனர் அவரைத் தாண்டி நடந்தார். துண்டைத் தங்கையிடம் நீட்டினார். "மோந்து பாரும்மா."

"ஐய, என்னண்ணா இது, அசிங்கம்!" என்று பின்னால் சாய்ந்தாள்.

"ஒரு தடவை."

முகத்தைச் சுளித்துக்கொண்டு குனிந்தாள். சுளித்த முகம் அப்படியே நின்றது. இன்னொரு தடவை, இந்த முறை தானாக, முகர்ந்தாள். துணி துவைக்கிற சோப்பும் பெட்ரோலும் கலந்த வாசம். ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் சின்னவளின் கவுனை ஊறவைக்கும்போது வருகிற வாசம். வாந்தி நாற்றம் என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தாள்.

"இது எங்க இருந்துச்சு?"

"பாப்பா உக்கார்ற இடத்துக்குக் கீழ."

"அஞ்சு வருஷமாவா?" கேள்வி அண்ணனுக்கு இல்லை. அவள் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள்.

"உனக்கு ஒண்ணும் தெரியாது, நீ சும்மா இரு. லேசா ஒழுகுறதுக்கெல்லாம்..."

அவள் எழுந்துபோய் டிக்கியைத் திறந்தாள். ஒவ்வொரு பையாக இறக்கித் தரையில் வைத்தாள். கடைசியில் அந்தக் கவர்க்கட்டை எடுத்து, மூலையில் கிடந்த குப்பை டிரம்மில் போட்டாள்.

"என்னடி பண்றே?"

"நான் பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு பஸ்ல போறேன். நீங்க வேணா வண்டிக்குக் காவல் இருங்க."

"பஸ்ல போய் இறங்கினா எங்க அண்ணன் என்ன சொல்லுவாரு?"

"சிரிப்பாரு. சிரிக்கட்டும்."

இரண்டு பையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். மூன்றாவது பை தரையிலேயே கிடந்தது. மாப்பிள்ளை அதைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார். பிறகு குனிந்து எடுத்துக்கொண்டார்.

"அந்தப் பம்பு புதுசு. பத்திரமா வைங்க" என்றார், யாரிடமோ சொல்வது போல. மச்சான் என்று சொல்லவில்லை.

"வைக்கிறேன், மாப்பிள்ளை. பைப்பு மாத்தின பிறகு போட்டும் தர்றேன். ஆனா ஒண்ணு, இனிமே இந்த வண்டிக்குக் கீழ உங்க கை வரக்கூடாது." பதின்மூன்று வருஷத்தில் விழுங்காமல் வெளியே வந்த முதல் வார்த்தை. குரல் உயரவில்லைதான்.

மாப்பிள்ளை பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மனைவிக்குப் பின்னால் வேகவேகமாக நடந்தார்.

ரெட்டை ஸ்பேனர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். கை கழுவக் குழாயடிக்குப் போனார். அங்கே கிண்ணத்தில் பாதி கரைந்த சோப்பு, பச்சை நிறத்தில், வழுவழுவென்று இருந்தது. அதைத் தொட அவருக்கு மனம் வரவில்லை. ஒரு பிடி மரத்தூளை அள்ளி, தோல் சிவக்கிற வரைக்கும் தேய்த்துக்கொண்டு நின்றார்.