முள்ளு அண்ணியும் சினைமீனும்

என் வீட்டுக்காரரின் அக்காவைத் துறைமுகத்தில் முள்ளு என்றுதான் கூப்பிடுவார்கள். பாறைமீனின் முதுகில் கை வைத்தாலும் ஒன்றுதான், அண்ணியிடம் வாய் கொடுத்தாலும் ஒன்றுதான்.

புருஷன் விட்டுப்போன பிறகு பிறத்தியார் படகில் தூண்டில் போட்டு, அண்ணி சொந்தமாக ஒரு படகு வாங்கினார். அவர் சுக்கான் பிடிப்பார், என் வீட்டுக்காரர் தூண்டில் போடுவார், நான் இரை கோப்பேன். கரை சேரும்வரை அக்காவுக்கும் தம்பிக்கும் சண்டைதான். நான் மனசுக்குள் ஜெபம் சொல்லிக்கொண்டிருப்பேன்.

இந்தப் பாறைமீன் குட்டி போடும் ஜாதி. முட்டை வயிற்றிலேயே பொரிந்து, கண் முளைத்த குஞ்சுகளாகத்தான் கடலில் விழும். லட்சம் விழுந்தாலும் தப்பிப் பிழைப்பது ஏதோ ஒன்றிரண்டு. பெரிய தாயின் குஞ்சு உடம்பில் கொஞ்சம் எண்ணெயோடு பிறப்பதால் பட்டினி தாங்கும். அதனால் பெரிய சினைமீன் ஏறினால் திருப்பி விட வேண்டும் என்பது அண்ணியின் கட்டளை. சும்மா தூக்கிப் போட முடியாது. ஆழத்திலிருந்து வந்த மீன் காற்றடைத்து மிதக்கும், பறவை கொத்திவிடும். கனம் கட்டிய கூடையைக் கவிழ்த்து, அதற்குள் மீனை அடைத்து, கயிற்றில் கீழே இறக்குவோம். அடியில் போனதும் உப்பல் வடிந்து தானே நீந்திப் போய்விடும்.

அன்று ஏறிய சினைமீன் இடுப்பில் தூக்கும் பிள்ளை கனம்.

"இது ஒண்ணாவது கரைக்கு வரட்டும்க்கா. ஏலக்காரன் கேலி பண்றான்."

"கூடையை எடுடா."

"கூடை, கூடை! நீ பெத்த பிள்ளையா, இப்படிப் பொத்திப் பொத்தி அனுப்புறதுக்கு?"

அண்ணிக்குப் பிள்ளை இல்லை.

"இது உயிரோட இறங்கலேன்னா நாளையிலேருந்து நீ என் படகுல ஏறாதே. இன்னொரு தடவை அந்தப் பேச்சு வந்துச்சு, இன்னிக்கே நீந்தித்தான் வீட்டுக்குப் போவே."

கூடைக்கயிறு சிக்கிக் கிடந்தது. என் வீட்டுக்காரருக்குப் பயம் வந்துவிட்டது. மீன் வாயில் பலூன் மாதிரி ஏதோ பிதுங்கி நின்றது. காற்றுப்பை என்று நினைத்து ஊசியால் குத்திவிட்டார்.

"காத்து போயிடுச்சுக்கா, இனி தானா இறங்கும்."

அண்ணி திரும்பிப் பார்த்தார். "பாவி, அது இரைப்பைடா! காத்து நெட்டித் தள்ளி வெளியே வந்திருக்கு."

அவசரமாகச் சிக்கெடுத்து இறக்கினோம். கூடையை மேலே இழுத்தபோது மீன் உள்ளேயே செத்துக் கிடந்தது. வயிற்றிலிருந்து மயிரிழை போலக் குஞ்சுகள் வழிந்தன, எல்லாவற்றுக்கும் கறுப்பாகப் பொட்டுக் கண். அண்ணி இரண்டு கையாலும் அள்ளி அள்ளிக் கடலில் விட்டார்.

"பிழைக்குமா அண்ணி?"

"நாள் ஆகலை. எங்கே பிழைக்கும்?"

கரை சேர்ந்ததும் அண்ணி தம்பியின் பூட்ஸைப் படகிலிருந்து தூக்கி வெளியே எறிந்தார்.

"தெரியாமத்தானேக்கா குத்தினேன்!"

"குத்தினது தெரியாம. பேசினது?"

அண்ணி என் பக்கம் திரும்பி, "நீ வர்றதுன்னா வா. அவனுக்காகப் பரிஞ்சு பேசாதே" என்றார்.

நான் பூட்ஸைப் பொறுக்கிக்கொண்டு என் வீட்டுக்காரர் பின்னால் நடந்தேன். மறுநாள் அண்ணி தனியாகத்தான் போனார். சுக்கானையும் விட முடியாது, தூண்டிலையும் விட முடியாது. ஆண்டவன் அந்தக் கைகளையாவது காப்பாற்றட்டும்.